சித்திரத்தின் அசைவும் சிரத்தையின் சத்தியமும்

கல்லிலும் பஞ்சலோகத்திலும் தெய்வ ரூபத்தை வடித்து, அதற்கு நீராட்டி, உடுத்தி, அமுது செய்வித்து, வீதியிலே எழுந்தருளச் செய்வதைத் தர்மமென்று கொண்டாடுகிற நாம், அதே ரூபத்தைக் காகிதத்தில் கோடுகளாக வரைந்து, அந்தக் கோடுகளை நடக்கவும் பேசவும் கண்ணீர் சிந்தவும் செய்கிற ஒருவனைப் பக்தன் என்று சொல்வதா, அபசாரம் செய்தவன் என்று சொல்வதா? சிறுபிள்ளைகள் பார்க்கும் பொம்மைப் படத்தைப் பற்றிய அற்ப விஷயமென்று இதை ஒதுக்கிவிட முடியாது. உருவம் என்பது என்ன, அசைவு என்பது என்ன, கண்ணுக்குத் தெரிவது எந்த அளவுக்கு மெய் என்று நம் ஆசாரியர்கள் பல நூற்றாண்டுகளாக வாதித்து வந்த பெரிய விசாரத்தின் ஒரு கிளை இது. ஜப்பானியரும் இந்தியரும் கூடி வரைந்த ‘ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’ என்னும் படம் 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் தமிழ்க் குரலோடு நம் திரையரங்குகளுக்கு வந்தபோது, திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதிப் பெருமாளின் நிழலில் வாழ்கிற எனக்கு இந்த விசாரம் புத்துயிர் பெற்றது, அதைச் சற்று நிதானமாக எழுதிப் பார்க்க வேண்டுமென்றும் தோன்றியது.

யூகோ சாகோ, கோய்ச்சி சசாகி ஆகிய ஜப்பானியர் இருவரோடு அந்தப் படத்தின் இயக்குநராக விளங்கியவர் ராம் மோகன். 1931-இல் பிறந்த அவர், செனட் மண்டபத்தோடு சேப்பாக்கத்துக் கடற்கரையை நோக்கி நிற்கும் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மாணவர். பயின்ற பாடம் வேதியியல். அந்தப் படிப்பு அக்காலத்தில் எந்தக் குடும்பமும் பெருமையோடு சொல்லிக்கொள்ளத்தக்க உத்தியோகத்துக்கு வழிகாட்டியிருக்கும். ஆயினும் 1956-இல், பம்பாயில் மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் நடத்திய கார்ட்டூன் பிரிவில் போய்ச் சேர்ந்து, பெயரே பலருக்குப் புரியாத ஒரு கலைக்குத் தம்மை அர்ப்பணம் செய்தார். டிஸ்னி நிறுவனத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் என்பவர், அமெரிக்கத் தொழில்நுட்ப உதவித் திட்டத்தின் கீழ் அங்கே வந்து, ஓர் உருவத்தை எப்படி நடக்க வைப்பது, எப்படி மூச்சு விட வைப்பது என்பதை அந்த இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்.

அந்தப் பயிற்சியிலிருந்து 1957-இல் விளைந்த படம் ‘தி பான்யன் டீர்’. புத்த ஜாதகக் கதை ஒன்றை அதற்குப் பொருளாக எடுத்துக்கொண்டார்கள் என்பது என் நோக்கில் தற்செயலான செய்தியன்று. காசி மன்னனின் வேட்டையால் இரு மந்தைகளும் சிதறி மடிவதைத் தடுக்க, நாளுக்கு ஒரு மான் சீட்டு முறையில் தானே பலிபீடத்துக்குப் போவதென்று மான்கள் உடன்படுகின்றன. ஒரு நாள் சினை மானின் முறை வருகிறது. அதன் மந்தைத் தலைவனோ, விதியை மாற்ற இயலாதென்று கைவிரிக்கிறான். அப்போது மற்ற மந்தையின் தலைவனான ஆலமர மானரசன் தன் தலையையே பலிக்கட்டையில் வைத்துப் படுத்துக்கொள்கிறான். அதைக் கண்ட மன்னன் வேட்டையைத் துறந்து, எல்லா உயிர்களுக்கும் அபயம் தருகிறான். ஓர் உயிருக்காக இன்னோர் உயிர் தலை சாய்ப்பதை உயிரற்ற கோடுகளால் காட்ட வேண்டும். அதுவே இந்நாட்டு இளைஞர்களுக்குக் கலையின் ஆரம்பப் பாடமாக அமைந்தது.

அரசுப் பணியை விட்டபின் பிரசாத் நிறுவனத்தின் அனிமேஷன் பிரிவை நடத்தி, 1972-இல் சொந்தக் கூடம் அமைத்து, மிருணாள் சென்னின் ‘புவன் ஷோம்’, சத்யஜித் ராயின் ‘ஷத்ரஞ்ஜ் கே கிலாடி’ முதலிய படங்களுக்கு அனிமேஷன் பகுதிகளைச் செய்தளித்து, ‘யூ செட் இட்’, ‘ஃபயர் கேம்ஸ்’ ஆகிய குறும்படங்களுக்காகத் தேசிய விருதுகள் பெற்று, பிற்காலத்தில் இக்கலைக்கென்று பள்ளியும் நிறுவி, 2014-இல் பத்மஸ்ரீ பட்டமும் ஏற்று, 2019 அக்டோபரில் மறைந்தார் என்று அவர் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவர் சரித்திரத்தில் நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கிற பகுதிகள் இரண்டு: இராமன், மீனா என்னும் சித்திரச் சிறுமி.

யூகோ சாகோ 1983-இல் ஓர் ஆவணப் படம் எடுப்பதற்காக இந்தியா வந்து, இராமாயணத்தின்மேல் பிரேமை கொண்டு, அதை முழு நீளச் சித்திரப் படமாக்க வேண்டுமென்று உறுதி பூண்டவர். அவருடைய நோக்கம் செய்தித்தாளில் வெளியானதும், தேசத்தின் பெருஞ்செல்வமான இதிகாசத்தை அந்நியர் ஒருவர் தம் இஷ்டப்படி எடுப்பதா என்று கண்டித்துத் தில்லியிலுள்ள ஜப்பானியத் தூதரகத்துக்குக் கடிதம் போயிற்று. கடவுளைக் கார்ட்டூனாக்குவதா என்னும் தயக்கம் அரசு வட்டாரத்திலும் இருந்தது. ஆகையால் படம் பெரும்பாலும் ஜப்பானிலேயே உருவாயிற்று. இந்த ஆட்சேபத்தைச் செய்தவர்களை நான் பழிக்க மாட்டேன். தாயின் படத்தை யாரோ ஒருவர் வரையப் போகிறார் என்று கேட்டால் மகனுக்கு உண்டாகும் கலக்கம் அது. அந்தக் கலக்கத்தின் அடியில் இருப்பது அன்புதான்.

ஆனால் சாகோ அதற்குச் சொன்ன சமாதானம் சிந்திக்கத்தக்கது. இராமன் தெய்வமாகையால், நடிகர் ஒருவர் அவனாக வேஷம் தரிப்பதைவிடச் சித்திரத்தில் காட்டுவதே உசிதம் என்பது அவர் கருத்து. இதை நான் எனக்குள் விரித்துப் பார்த்தேன். எத்தனை ஆசார சீலராயினும் நடிகருக்கு அவருடைய சொந்த முகம் உண்டு. நேற்று அவர் ஏற்ற வேறு வேஷம் நம் நினைவில் உண்டு. நாளைக்கு அவர் ஏற்கப்போகும் வேஷமும் உண்டு. வரைந்த உருவத்துக்கோ அந்தப் பாத்திரத்துக்கு அப்பால் ஒரு வாழ்வு கிடையாது. அது இராமனுக்காகவே பிறந்து, இராமனாகவே இருந்து, படம் முடிந்ததும் வேறொன்றாக மாறாமல் நின்றுவிடுகிறது. ஒரு மூர்த்திக்காக வடித்த விக்கிரகம் வேறு மூர்த்திக்குப் பயன்படாதது போன்ற அநந்யத் தன்மை இது. சித்திரம் தாழ்ந்தது, நடிப்பு உயர்ந்தது என்னும் எண்ணம் இந்த இடத்தில் நிற்கவில்லை.

இனி, அந்த உருவத்தை ஆக்கியவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்பதைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஏறத்தாழ 450 ஓவியர்கள் உழைத்த படம் அது. நாற்காலியிலும் பாயிலும் வேறு விதமாக உட்கார்ந்து பழகிய ஜப்பானிய ஓவியர்களுக்கு, வேஷ்டியை எப்படிச் சுற்றுவது, பிள்ளைகள் பெரியோரிடம் ஆசீர்வாதம் எப்படிப் பெறுவது என்பவற்றை இந்திய ஓவியர்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. இது லேசான காரியமென்று நினைக்கலாகாது. பஞ்சகச்சம் உடுத்தவன் நடக்கும்போது முன் கொசுவம் முழங்காலுக்கு ஒரு கணம் பிந்தி அசையும். குனிந்து பாதம் தொடும்போது உத்தரீயம் தோளிலிருந்து நழுவ, கை தன்னையறியாமல் அதைத் தாங்கும். எழும்போது அந்த மடிப்புகளெல்லாம் வேறு வரிசையில் விழும். நாம் பிறந்தது முதல் பார்த்துப் பழகியதால் கவனியாமல் விட்ட இந்தச் சின்னஞ்சிறு அசைவுகளை, வரைகிறவன் ஒவ்வொன்றாகப் பிரித்து அறிய வேண்டும். தலைமை ஓவியர் ஒரு செயலின் முக்கிய நிலைகளைக் கீ டிராயிங்காக வரைவார். இரண்டு நிலைகளுக்கு நடுவேயுள்ள இன்பிட்வீன் படங்களை, லைட் பாக்ஸின் வெளிச்சத்தில் காகிதத்தின்மேல் காகிதம் வைத்து, மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, மற்றவர்கள் வரைவார்கள். பிறகு அவை செல் என்னும் கண்ணாடி போன்ற தாளில் பிரதியாகி, பின்புறம் வர்ணம் ஏறி, காமிராவின் கீழ் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். இப்படி அந்தப் படத்துக்கு ஆன கைவேலை ஏறத்தாழ ஒரு லட்சம் செல்.

ஒரு விநாடிக்கு 24 கட்டங்கள் ஓடும் திரையில், 135 நிமிஷப் படத்துக்கு 1,94,400 கட்டங்கள் ஆகின்றன. இவற்றுள் எந்தக் கட்டத்தை எடுத்துப் பார்த்தாலும் அதில் அசைவு கிடையாது. இராமன் வில்லை வளைப்பதும் இல்லை, வளைக்காமல் இருப்பதும் இல்லை. அப்படியானால் நாம் கண்டதாகச் சொல்லும் அசைவு எங்கே இருந்தது? ‘தி பான்யன் டீர்’ கதையைத் தந்த பௌத்தத்தின் க்ஷணிகவாதியைக் கேட்டால், உலகமே இப்படித்தான், ஒரு க்ஷணத்து மான் மறு க்ஷணத்தில் இல்லை, தொடர்ச்சி என்பது மனம் கற்பித்துக்கொண்டது என்பார். அத்வைத பரமாசாரியரான கௌடபாதர், மாண்டூக்ய காரிகையின் நான்காம் பிரகரணத்துக்குக் கொள்ளிக்கட்டையின் பெயரையே இட்டு, அதைச் சுழற்றும்போது தோன்றும் நெருப்பு வட்டம் எங்கிருந்தும் வந்ததன்று, கட்டை ஓய்ந்தபோது எங்கும் போனதுமன்று, சித்தத்தின் சலனத்தால் தோன்றும் பிரபஞ்சமும் அப்படியே என்று நிலைநாட்டினார். திரைப்படக் கருவி பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதன் ரகசியத்தைத் தொட்டு விசாரித்த தேசம் நம் தேசம்.

இதே கொள்ளி வட்டத்தை ஸ்ரீபாஷ்யத்தில் எடுத்துக்கொண்ட இராமாநுஜர் வேறு முடிவுக்கு வந்தார். அவருடைய தந்தை திருவல்லிக்கேணிக் கைரவிணிக் கரையில் புத்திர காமேஷ்டி செய்து, பெருமாள் அருளால் அவரைப் பெற்றார் என்பது சம்பிரதாயம். ஆகவே இந்த ஊருக்கு அவர் வாக்கில் ஓர் உரிமை உண்டு. கொள்ளி அதிவேகமாகச் சுழலும்போது அது ஒவ்வோர் இடத்தையும் மெய்யாகவே தொடுகிறது. வேகத்தால் இடைவெளி மட்டுமே புலப்படாமல் போகிறது. ஆகையால் வட்டமாகக் கண்டதிலும் கண்டது மெய்யையே என்பது அவர் சித்தாந்தம். இல்லாத ஒன்றை அறிவு காண்பதில்லை; இருப்பதைக் குறையாகக் காண்கிறது, அவ்வளவே. உலகைப் பொய்யென்று தள்ளாமல், அதன் அணுவணுவையும் இறைவனுக்குச் சரீரமாகப் போற்றிய மகானுக்கு இந்த முடிவே பொருந்தும்.

தர்க்கம் அறிந்தவர் இங்கே ஒரு தடை எழுப்பலாம். கொள்ளி இடையிலுள்ள எல்லா இடங்களையும் தொடுகிறது, சரி. சித்திரப் படத்தில் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே எதுவுமே இல்லையே. அசையாத இரண்டு தோற்றங்கள் அடுத்தடுத்து வந்தாலே மனம் அசைவைக் கண்டுவிடுகிறது என்று 1912-இல் ஜெர்மானிய மனோதத்துவ அறிஞர் மாக்ஸ் வெர்தைமரும் பரிசோதனைகளால் விளக்கினாரே என்று கேட்கலாம். தடை நியாயமானது. ஆனால் அந்தப் படங்கள் எங்கிருந்து வந்தன என்று ஓரடி பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். ஓவியன் துண்டு துண்டான நிலைகளை முதலில் வரைந்து, பிறகு அவற்றை ஒட்டி நடையைச் செய்யவில்லை. அவன் முதலில் அந்த நடையை முழுமையாகத் தன் மனத்தில் கண்டான். தானே எழுந்து நடந்தும் பார்த்தான். கண்ட பிறகே அதைக் கட்டங்களாகப் பகுத்தான். அவன் மனத்தில் அகண்டமாக இருந்த அசைவு, காகிதத்தில் கண்டமாகக் கிடந்து, பார்க்கிறவன் மனத்தில் மறுபடியும் அகண்டமாகிறது. ஆகவே அசைவு இல்லாத இடம் காகிதம் மட்டுமே. இருபுறத்து மனங்களிலும் அது இருக்கிறது. ஒரு மனம் கண்ட மெய்யை இன்னொரு மனத்துக்குச் சேர்ப்பிக்கும் சாதனத்தைப் பிரமை என்று சொல்வது எனக்குச் சம்மதமில்லை.

விக்கிரக ஆராதனையின் தத்துவமும் இதுவேயன்றோ? தியான சுலோகத்தை மனனம் செய்து, அதில் வரும் மூர்த்தியை உள்ளே கண்ட பிறகே ஸ்தபதி உளியை எடுக்க வேண்டுமென்பது சாஸ்திர மரியாதை. அடியார் எந்த உருவத்தை உகக்கிறார்களோ அந்த உருவத்தையே இறைவன் தன் உருவமாக ஏற்கிறான் என்பது ஆழ்வார்களின் கொள்கை. எங்கள் கோயிலிலேயே மூலவர் வேங்கடகிருஷ்ணர், வேறெங்கும் எளிதில் காணக்கிடைக்காத முறுக்கு மீசையோடும் வலக்கையில் சங்கோடும் நெடிது நிற்கிறார். உற்சவர் பார்த்தசாரதியின் திருமுகத்திலோ, பாரதப் போரில் பீஷ்மரின் அம்புகள் தைத்த தழும்புகள் இருக்கின்றன. அழகே உருவான பெருமானின் முகத்தில் வடுவைக் காட்டத் துணிந்த கலையை நினைத்துப் பாருங்கள். ஆயுதம் ஏந்த மாட்டேன் என்று வாக்களித்துத் தேரோட்டியாக உட்கார்ந்தவன் பக்தனுக்கு முன்னால் அம்புகளை ஏற்றான் என்னும் முழு நிகழ்ச்சியும், ஓடும் குதிரைகளும் சுழலும் சக்கரமும் உட்பட, அசையாத அந்தத் திருமேனியின் தழும்புகளில் அடங்கிக் கிடக்கிறது. சேவிக்கிறவன் மனத்தில் அது ஓடத் தொடங்குகிறது. அசையாத உருவத்தில் அசைவைக் கண்டு கண்ணீர் விடும் ஜனங்கள், அசையும் சித்திரத்தைக் கண்டு அஞ்ச வேண்டிய காரணமே இல்லை.

சித்திரத்தை ஆட்டி இராம கதை சொல்வது நம் நாட்டுக்குப் புதிதுமன்று. தோற்பாவைக் கூத்தாடிகள் விளக்கொளியில் தோலுருவங்களை அசைத்துப் பல தலைமுறைகளாக இராமாயணம் நடத்தி வந்திருக்கிறார்கள். பாலக்காட்டுப் பக்கத்துப் பகவதி கோயில்களில், கம்பராமாயணத்தை ஆதாரமாகக் கொண்டு கூத்து மாடத்தில் இரவிரவாக அது நடைபெறும். பகவதி பார்ப்பதற்காகவே நடப்பதாகையால், திரைக்கு முன்னால் மனிதர் ஒருவரும் இல்லாத இரவுகளிலும் ஆட்டம் நிற்காது. ஒரு பாட்டும் குறையாது. பார்ப்பவர் இல்லையே என்று கலைஞன் கையைத் தளர விடுவதில்லை. இன்பிட்வீன் வரைகிறவனின் நிலையும் இதற்கு ஒப்பானதே. அவன் வரைந்த படம் திரையில் நிற்கும் காலம் விநாடியின் இருபத்து நான்கில் ஒரு பங்கோ, இரண்டு பங்கோ. அதைத் தனியாக எவரும் பார்க்கப் போவதில்லை. அவன் பெயரும் கூட்டத்தோடு கூட்டமாக ஓடி மறையும். அப்படியிருந்தும் அந்த ஒரு படத்தில் விரல் பிசகினால் நடை பிசகும். பலனில் பற்றில்லாமல் கருமத்தைப் பழுதறச் செய்யென்று பார்த்தனுக்குச் சாரதியாக இருந்தவன் போதித்தானே, அந்த உபதேசத்தை அனுஷ்டானத்தில் காண வேண்டுமானால், ஒரு லட்சம் செல்களை வரைந்து பெயரில்லாமல் போன அந்தக் கைகளைக் காட்டுவேன்.

இராமனை வரைந்த அதே காலத்தில் ராம் மோகன் மீனாவையும் வரைந்தார். யுனிசெஃப் அமைப்புக்காகத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் உருவாக்கிய தொலைக்காட்சித் தொடரின் நாயகி அவள். தெற்காசிய நாடுகளில் எந்த மதத்துக் குடும்பத்திலும் மகளாக இருக்கத்தக்க பெயரும் உடையும் கொண்ட கிராமத்துச் சிறுமி. தம்பிக்குப் பெரிய மாம்பழத் துண்டும் தனக்குச் சிறியதும் ஏன் என்று கேட்பாள். தான் பள்ளிக்குப் போக முடியாமையால், மிட்டு என்னும் தன் கிளியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, அது கேட்டு வந்து சொன்ன எண்களைக் கற்று, வீட்டுக் கோழிகளை எண்ணி, ஒன்று குறைவதைக் கண்டு திருடனைப் பிடிக்க வைப்பாள். தெய்வத்தை வரைவது பெரிய காரியம், சிறுமியையும் கிளியையும் வரைவது சின்னக் காரியம் என்று ஒருவர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. எழுத்தறியாத தாய்மார்கள் பார்த்து, நம் வீட்டுப் பெண்ணுக்கும் பசி ஒன்றுதானே என்று எண்ணும்படி ஒரு கோட்டுருவம் செய்யுமானால், அந்தக் கோட்டில் தர்மம் குடியேறியிருக்கிறது. இராமன் முகத்தை வரைந்த கைக்கு இந்தச் சிறுமியின் முகத்தை வரைய அதே கவனம் தேவைப்பட்டது.

ஆகவே, தெய்வத்தை அசையும் சித்திரமாக்கலாமா என்ற கேள்விக்கு என் தீர்ப்பு இது. சாதனத்தில் தீட்டு இல்லை. காகிதத்திலும் இல்லை, செல்லிலும் இல்லை, இன்றைய கணினியிலும் இல்லை. அபசாரம் என்பது அசிரத்தையில் இருக்கிறது. இராமனுக்குப் பூணூல் எந்தத் தோளில் என்று அறியாமலும், அறிய விரும்பாமலும் வரைவது அபசாரம். குழந்தைகள்தானே பார்க்கிறார்கள், எப்படியிருந்தால் என்ன என்று தெய்வக் கதைகளை வெறும் அடிதடியாகவும் கூச்சலாகவும் குறைத்துத் தொலைக்காட்சியில் ஓட்டுவது அபசாரம். தெய்வப் பெயரே வராத ஒரு படத்தில், மானின் கால் நடுக்கத்தைச் சரியாக வரைவதற்காக இரவெல்லாம் விழித்திருப்பது ஆராதனை. மனிதன் எந்தச் சிரத்தையால் ஆனவனோ அவன் அதுவே ஆகிறான் என்பது கீதையின் கருத்து. வரைகிறவனுக்கும் அந்த அளவுகோல் போதும்.

இன்று இந்தக் கலை செல்லையும் காமிராவையும் விட்டுக் கைப்பேசிக்கு வந்துவிட்டது. நாகபுரியைச் சேர்ந்த ரோஹன் சக்ரவர்த்தி பல் மருத்துவம் பயின்றவர். அனிமேஷன் துறையிலும் வேலை பார்த்தவர். 2010-இல் ‘கிரீன் ஹ்யூமர்’ என்னும் இணையச் சித்திரக்கதையைத் தொடங்கிப் புலியையும் தவளையையும் பேச வைத்து, காட்டின் மேல் ஜனங்களுக்குக் கருணை பிறக்கச் செய்து வருகிறார். திருவல்லிக்கேணி மேன்ஷன்களிலே சிறிய அறையைப் பங்கிட்டுக்கொண்டு, பகலில் யாரோ ஒருவரின் படத்துக்கு இன்பிட்வீன் செய்து, இரவில் தம்முடைய கதையைக் கட்டம் கட்டமாக வரைகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். பாரதியார் தம் ‘இந்தியா’ பத்திரிகையில் கேலிச் சித்திரங்களை இட்டுத் தேச பக்தியை வளர்த்ததையும், அவர் இறுதி மூச்சு விட்டது இந்தத் திருவல்லிக்கேணியில்தான் என்பதையும் நினைத்தால், அந்த இளைஞர்களை அந்நியராகப் பார்க்க நமக்கு மனம் வராது.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் நான் செய்துகொள்ளும் விண்ணப்பம் ஒன்றுண்டு. வேதியியலோ மருத்துவமோ படிக்கிற பிள்ளை, தான் வரைந்ததைக் கொண்டுவந்து காட்டினால், இதனால் மாதம் எவ்வளவு வரும் என்று உடனே கேட்டு அவன் கையைச் சோர வைக்காதீர்கள். அந்தப் படத்தைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பாருங்கள். இந்த வேஷ்டி மடிப்பு ஏன் இப்படி விழுகிறது, இந்தப் பெண் ஏன் தலை குனிந்திருக்கிறாள் என்று கேளுங்கள். காரணம் சொல்லத் தெரிந்த பிள்ளை வழி தவற மாட்டான். காரணம் தெரியாவிட்டால், தெரிந்துகொண்டு மறுபடி வரையச் சொல்லுங்கள்.